விளிம்பில் ஒரு பெயர்: பழைய போர்ப் பதக்கங்களில் போலியைப் பிரித்தறிவது எப்படி?

குச்சவெளியிலிருந்து புல்மோட்டை வீதியால் திருகோணமலை ரவுணுக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டும். நிலாவெளி கழிந்து, ரவுணுக்கு இன்னும் 6 கிலோமீற்றர் அளவில் இருக்கும்போது ஒரு கல்லறைத்தோட்டம் வரும். ஒரே உயரம், ஒரே வரிசை, வெட்டின புல். இரண்டாம் உலக யுத்தத்தில் இறந்த 300க்கும் மேற்பட்டவர்கள் அங்கே கிடக்கிறார்கள். பிரித்தானியாவின் கணக்கு வைப்பு எப்படிப்பட்டது என்று அந்த இடத்தைப் பார்த்தால் விளங்கும். கிடைத்த பெயர்களையெல்லாம் இலக்கத்தோடும் படைப்பிரிவோடும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

அதே யுத்தம் எங்கட பக்கத்துச் சனத்தின் வீடுகளிலும் சில பொருட்களை விட்டுவிட்டுப் போனது. துறைமுகத்தில் வேலை செய்தவர்கள், கரையோரப் பீரங்கிப் படையில் இருந்தவர்கள், வான்தாக்குதல் காவலுக்கு நின்றவர்கள் என்று பலர் இருந்தார்கள். அவர்களில் சிலருடைய றங்குப்பெட்டிக்குள் ஒரு வட்டத் தகடோ, ஆறு முனை நட்சத்திரமோ கிடந்திருக்கும். இன்று அதே மாதிரியான தகடுகள் இணையச் சந்தையில் ஆயிரக்கணக்கில் விற்பனைக்கு இருக்கின்றன. உல்லாசப் பயணிகள் வரும் காலத்தில் கடற்கரையிலும் "யுத்த காலத்து மெடல்" எண்டு சொல்லிக் காட்டுகிறார்கள். அதில் எது உண்மை, எது போலி? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தக் கரையில் "இராணுவப் பதக்கம்" என்று சொன்னால் கனபேருக்கு நினைவு வருவது வேறு யுத்தம். அதைப் பற்றி நாங்கள் இங்கே எழுதவில்லை. காலனி ஆட்சியின் பதக்கங்களைப் புகழ்வதும் எங்கட நோக்கம் இல்லை. ஒரு சாம்ராச்சியம் யாரை எண்ணியது, யாரை எண்ணாமல் விட்டது என்பதற்கு இந்தத் தகடுகள் சாட்சி. போலி வந்து கலந்தால் அந்தச் சாட்சி கெட்டுவிடும்.

திருகோணமலையின் முதல் பதக்கம்

1795 ஓகஸ்ட் கடைசியில் பிரித்தானியர் திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் கொழும்பும் விழுந்தது. இந்தப் படையெடுப்புக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி பிற்பாடு ஒரு பதக்கம் அடித்துக் கொடுத்தது. பெற்றவர்கள் வங்காளப் பீரங்கிப் படையைச் சேர்ந்த இந்திய வீரர்கள். தங்கத்தில் 2, வெள்ளியில் 121, ஆகமொத்தம் 123. ஒரு பக்கம் ஆங்கிலத்திலும் மறுபக்கம் பாரசீகத்திலும் "இலங்கையில் செய்த சேவைக்காக" என்ற பொருளில் எழுதியிருக்கிறது. மன்னரின் தலை இல்லை. பிடிபட்ட தீவின் மொழி எதுவும் இல்லை.

சேகரிப்பவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. எத்தனை கொடுக்கப்பட்டது என்ற எண்ணிக்கைதான் முதல் சோதனை. உலகத்திலேயே 121 வெள்ளிப் பதக்கம்தான் கொடுத்தார்கள் என்றால், அதில் ஒன்று தற்செயலாக ஒரு கடற்கரைத் தட்டில் சில ஆயிரம் ரூபாவுக்கு வருவது எவ்வளவு சாத்தியம்? கம்பெனிப் பதக்கங்களைப் பொறுத்தவரை, அச்சுகளை வைத்துப் பிற்காலத்தில் மறுபடி அடித்தவையும், நூதனசாலைத் தேவைக்காக எடுத்த படிகளும் உலகச் சந்தையில் உண்டு. அவற்றில் பல ஏமாற்றுவதற்காகச் செய்யப்பட்டவையே அல்ல. காலப்போக்கில் கை மாறி, "இது அசல்" என்று யாரோ ஒருவர் சொன்ன நாளில் அவை போலியாகிவிட்டன.

ஆகவே ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். பதக்கத்தைத் தொலைத்தவருக்கு அரசாங்கமே மறுபடி கொடுத்த மாற்றுப் பதக்கம் உண்டு. அணிவகுப்புக்குப் போடுவதற்காக வீரரே தையற்காரரிடம் செய்வித்த படி உண்டு. இரவு விருந்து உடைக்குரிய சின்னப் பதக்கம் உண்டு. நாடகத்துக்கும் சினிமாவுக்கும் செய்த நகல் உண்டு. இவை எல்லாமே நேர்மையான பொருட்கள். நகலை அசல் எண்டு சொல்லி விற்கிறபோதுதான் குற்றம் நடக்கிறது. நகல் என்று தெரியும்படி பின்பக்கம் குத்தியிருந்த சிறு அடையாளத்தை அராவி எடுத்துவிட்டு விற்பது வழக்கமான ஒரு வேலை. பின்பக்கத்தில் ஓரிடம் மட்டும் பளபளப்பாகவோ, கொஞ்சம் பள்ளமாகவோ இருந்தால் அங்கே ஏதோ இருந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் உள்ளதும் பெயர் இல்லாததும்

பிரித்தானியப் பதக்கங்களில் மிக முக்கியமான இடம் முகப்பு அல்ல, விளிம்பு. முதலாம் உலக யுத்தத்துக்குக் கொடுத்த பிரித்தானிய யுத்தப் பதக்கத்தையும் வெற்றிப் பதக்கத்தையும் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். படை இலக்கம், பதவி, பெயர், பிரிவு எல்லாம் அந்த விளிம்பில் குத்தியிருக்கும். 1914-15 நட்சத்திரத்தில் அதே விபரம் பின்பக்கத்தில் இருக்கும்.

பிரித்தானிய யுத்தப் பதக்கம் வெள்ளியில் 60 இலட்சத்துக்கும் மேல் கொடுக்கப்பட்டது. ஆனால் சீனா, மோல்ட்டா முதலிய இடங்களிலிருந்து கூலிப்படைகளாகப் போய் அகழி வெட்டியவர்களுக்கும் மூட்டை தூக்கியவர்களுக்கும் அதே பதக்கம் வெண்கலத்தில்தான் வந்தது. அது ஏறத்தாழ 1,10,000 மட்டுமே. சுட்டவனுக்கு வெள்ளி, சுமந்தவனுக்கு வெண்கலம். இன்று சந்தை தலைகீழாகிவிட்டது. குறைவாக இருப்பதால் வெண்கலத்துக்கு விலை கூட. விலை கூடின இடத்துக்குப் போலிக்காரர் வராமல் இருப்பாரா?

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபோது நிலைமை வேறு. பிரித்தானியப் படைகளுக்குக் கொடுத்த நட்சத்திரங்களிலும் வட்டப் பதக்கங்களிலும் பெயர் குத்தப்படவில்லை. சின்ன அட்டைப்பெட்டிக்குள் வைத்துத் தபாலில் அனுப்பினார்கள். றிபனைத் தானே கோத்துக்கொள்ள வேண்டும். இந்தியா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகள் மட்டும் தங்கள் ஆட்களுக்குப் பெயர் குத்திக் கொடுத்தன. பெயர் இல்லாத பதக்கத்தைப் போலி செய்வது மிகச் சுலபம். யாருடையது என்று கேட்டு மடக்க வழியில்லை. பெயர் இல்லாத அசலில் இன்று ஒருவர் புதிதாகப் பெயர் குத்திவிடவும் முடியும்.

கண்ணாலும் கையாலும் பார்க்கக்கூடியவை

இதற்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு பூதக்கண்ணாடி, ஒரு காந்தம், உயர்தரப் பௌதிகவியலில் பழகின வேணியர் இடுக்கிமானி, நகைக்கடைத் தராசு ஒன்று இருந்தால் போதும்.

முதலில் காந்தம். வெள்ளியும் ஒட்டாது, செப்பு நிக்கல் கலவையும் ஒட்டாது, நட்சத்திரங்களுக்குப் பாவித்த செப்பு நாகக் கலவையும் ஒட்டாது. காந்தத்தில் ஒட்டினால் உள்ளே இரும்பு, கதை முடிந்தது. ஒட்டவில்லை என்பதால் மட்டும் அசல் ஆகிவிடாது. மலிவான நாகக் கலவையும் ஒட்டாதுதான்.

அடுத்து அளவு. வட்டப் பதக்கங்களின் விட்டம் 36 மில்லிமீற்றர். இரண்டாம் உலக யுத்த நட்சத்திரங்கள் 44 மில்லிமீற்றர் உயரம், 38 அகலம். அசல்கள் உருக்கு அச்சால் அடிக்கப்பட்டவை. மலிவான போலிகள் அசலில் அச்செடுத்து உலோகத்தை ஊற்றிச் செய்பவை. ஊற்றின உலோகம் ஆறும்போது சுருங்கும். அதனால் வார்ப்புப் போலி அசலைவிட ஒரு துளி சிறிதாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, இடுக்கிமானிக்குத் தெரியும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் பின்னணியில் ஊசித் துளை மாதிரிக் குழிகள், மழுங்கின தலைமயிர்க் கோடுகள், விளிம்பைச் சுற்றி இரண்டு அச்சும் சேர்ந்த இடத்தின் தடம் ஆகியவை தெரியலாம்.

அடுத்தது ஆர்க்கிமிடிஸ். றிபனைக் கழற்றிவிட்டுப் பதக்கத்தை நிறுக்க வேண்டும். பிறகு மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்து, எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும். 30 கிராம் நிறையுள்ள ஒரு துண்டு, பதக்கத்துக்குப் பாவிக்கும் வெள்ளியானால் தண்ணீரில் 2.9 கிராம் அளவு குறையும். செப்பு நிக்கல் என்றால் 3.4 அளவு. நாகக் கலவை என்றால் 4.5 வரை போகும். வெள்ளிப் பூச்சுக் கண்ணை ஏமாற்றலாம், அடர்த்தியை ஏமாற்றாது.

பிறகு விளிம்பு. இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். முதலாம் யுத்தப் பதக்கங்களில் எழுத்துகளை உருக்கு அச்சால் குத்தியிருப்பார்கள். குத்தும்போது உலோகம் தள்ளுப்பட்டு எழுத்தின் ஓரம் கொஞ்சம் மேடாகும். கையால் செதுக்கின எழுத்தில் அப்படி இருக்காது, வெட்டின தவாளிப்பு இருக்கும். லேசர் எழுத்து ஆழமில்லாமல், ஒரே சீராக இருக்கும். ஆனாலும் எந்தப் பதக்கத்துக்கு எந்தக் காலத்தில் எப்படிப் பெயர் போட்டார்கள் என்று தெரிந்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும். வேறு சில பதக்கங்களில் செதுக்கினதே அசல்.

பழைய பெயரை அராவிவிட்டு, விலை கூடின படைப்பிரிவில் இருந்த ஒருவருடைய பெயரைப் புதிதாகக் குத்துவது இன்னொரு தந்திரம். பதக்கம் அசல், பெயர் போலி. இதைப் பிடிப்பதற்கும் இடுக்கிமானி உதவும். விட்டத்தை நாலைந்து திசையில் அளந்து பாருங்கள். பெயர் உள்ள இடத்தில் மட்டும் விட்டம் குறைந்தால் அங்கே அரம் போயிருக்கிறது. எழுத்துக்குள் இருக்கும் கறுப்பையும் கவனியுங்கள். மேற்பரப்பு முழுக்க 100 வருசக் கறை இருக்க, எழுத்தின் அடி மட்டும் புது வெள்ளியாக மினுங்கினால் அந்தப் பெயருக்கு வயசு குறைவு.

கடைசியாக றிபன். பணத்தாள் சோதிக்கும் ஊதாக் கதிர் விளக்கை இருட்டில் பிடித்தால், இக்காலச் செயற்கை நூலும் வெளிறூக்கி சேர்த்த நூலும் நீலமாக ஒளிரும். பழைய பருத்தியும் பட்டும் பெரும்பாலும் மங்கலாகவே இருக்கும். இதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. அசல் பதக்கத்துக்குப் பிள்ளைகள் புது றிபன் மாற்றியிருக்கலாம். பழைய றிபனை யாராவது சவர்க்காரத் தூளில் தோய்த்திருந்தாலும் அது ஒளிரும்.

விதி தெரிந்தால் பொய் தெரியும்

உலோகத்தைத் தொடாமலே, பதக்க விதிகளை வாசித்தே பிடிக்கக்கூடிய போலிகளும் உண்டு. எங்களுக்கு அதிகம் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இதற்குச் செலவே இல்லை.

1942 ஏப்ரல் 9 காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. துறைமுகத்தில் சகாயிங் என்ற கப்பல் எரிந்தது. அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கி 307 பேர் இறந்தார்கள். இவ்வளவு பெரிய நிகழ்வு என்பதால், "திருகோணமலை 1942" என்று பெயர் வெட்டின ஒரு பட்டையை நட்சத்திரத்தின் றிபனில் மாட்டி விற்றால் யாரும் நம்பக்கூடும். ஆனால் இரண்டாம் உலக யுத்த நட்சத்திரங்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட பட்டைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இலங்கை என்றோ திருகோணமலை என்றோ ஒரு பட்டை அதில் கிடையாது. அப்படி ஒன்றைக் கண்டால் அது யாரோ ஒருவரின் கற்பனை.

வங்காள விரிகுடாவில் ஓடின கடற்படையினருக்கும் கிடைக்கக்கூடியதாக இருந்தது பர்மா நட்சத்திரம். அதன் றிபனில் நடுவே அகலமான சிவப்பு, இரு பக்கமும் நீலம், நீலத்தின் நடுவில் செம்மஞ்சள் கோடு. பசுபிக் நட்சத்திரம் வேறு. ஒருவர் இரண்டுக்கும் தகுதி பெற்றிருந்தாலும் முதலில் கிடைத்த நட்சத்திரத்தைத்தான் கொடுப்பார்கள். மற்றதுக்கு ஒரு பட்டை மட்டும். ஆகவே "ஒரே ஆளின் பதக்கங்கள்" என்று சொல்லி ஒரு சட்டத்துக்குள் பர்மா நட்சத்திரமும் பசுபிக் நட்சத்திரமும் சேர்ந்து இருந்தால், ஒவ்வொன்றும் தனித்தனியே அசலாக இருக்கலாம், ஆனால் அந்த ஆள் பொய்.

மன்னரின் தலையையும் பாருங்கள். 1939-45 யுத்தப் பதக்கத்தில் ஆறாம் ஜோர்ஜ் முடி சூடியிருப்பார். பாதுகாப்புப் பதக்கத்தில் முடி இல்லாமல் இருப்பார். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மாற்றிப் பொருத்தின போலிகள் இதில் மாட்டும். எங்கட நாட்டின் பெயரும் ஒரு கடிகாரம் மாதிரி. 1972 மே 22க்கு முதல் உத்தியோகபூர்வப் பெயர் சிலோன். 1950களின் படைப் பதக்கம் என்று காட்டும் ஒன்றில் ஸ்ரீ லங்கா என்று இருந்தால் மேலே பேசத் தேவையில்லை.

போலி இல்லாமலே தவறாக விற்கப்படுபவையும் இருக்கின்றன. 1902இல் தொடங்கிய ஏகாதிபத்திய சேவைப் பதக்கம் அரசாங்கத்தின் கீழ்நிலை ஊழியர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் உரியது. பிரித்தானியக் கடற்படைப் பட்டறைகளில் நீண்டகாலம் வேலை செய்து ஓய்வுபெற்றவர்களுக்கும் அது கிடைத்தது. மன்னரின் தலை இருக்கும், றிபன் இருக்கும், பெயரும் இருக்கும். பார்ப்பவர் போர்ப் பதக்கம் என்று நினைப்பார். திருகோணமலைக் கடற்படைத் தளம் 1957 ஒக்டோபர் வரை பிரித்தானியர் கையில் இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், துறைமுக ஊரில் இப்படி ஒன்று கண்ணில் பட்டால் அவசரப்படக் கூடாது. அது துப்பாக்கி பிடித்தவருடையதாக இல்லாமல், வாழ்நாள் முழுக்கச் சுத்தியல் பிடித்தவருடையதாக இருக்கலாம். அதை "யுத்த மெடல்" ஆக்குவது அவருடைய உழைப்பைக் களவெடுப்பது.

கடதாசி இல்லாத அசல்

உலகச் சேகரிப்பாளர்கள் எல்லோரும் சொல்லும் ஒரு புத்திமதி, பதக்கத்தோடு வந்த கடதாசிகளையும் கேள் என்பது. பெட்டி எங்கே, கடிதம் எங்கே, சேவைப் புத்தகம் எங்கே, சீருடையோடு எடுத்த படம் எங்கே? நியாயமான கேள்விதான், லண்டனில்.

குச்சவெளியில் அந்தக் கேள்வி வேறு மாதிரிக் கேட்கும். 1980களிலும் 1990இலும் இந்தக் கரைச் சனம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடியது. திரும்பி வந்தவர்களின் வீட்டுக்குள் 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியுமே மிஞ்சாத வீட்டில், தாத்தாவின் பதக்கம் வந்த அட்டைப்பெட்டி மிஞ்சுமா? இதனால் ஒரு விசித்திரமான நிலைமை வந்திருக்கிறது. போலிக்கு முழுக் கதையும் இருக்கும். பெட்டியும் பழுப்பாக்கின கடிதமும் சேர்த்தே செய்து கொடுப்பார்கள். அசலுக்கு ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்காது.

அதனால்தான் எங்கட இடத்தில் உலோகத்தையும் விளிம்பையும் வாசிக்கப் பழகுவது பொழுதுபோக்கைவிட ஒரு படி மேல் என்று நினைக்கிறோம். வீட்டில் கடதாசி எரிந்தாலும் வேறு இடத்தில் பதிவு இருக்கலாம். முதலாம் உலக யுத்தத்தில் பணிபுரிந்த பிரித்தானியப் படையினரின் சேவைக் கோப்புகளில் பெரும்பகுதி 1940இல் லண்டன் மீது விழுந்த குண்டுகளில் எரிந்துபோனது. ஆனால் பதக்கம் யாருக்குக் கொடுத்தோம் என்று எழுதின அட்டைகள் தப்பின. அவற்றின் படிகளைப் பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஊடாக இணையத்தில் தேடலாம். வீரப் பதக்கம் என்றால் லண்டன் அரச வர்த்தமானியில் பெயர் வந்திருக்க வேண்டும். இறந்தவர் என்றால் பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழுவின் பட்டியலில் தேடலாம். தேடும்போது தமிழ்ப் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டுக் கைவிட வேண்டாம். கந்தையாவையும் சின்னத்தம்பியையும் வெள்ளைக்கார எழுதுவினைஞர் தன் காதில் விழுந்த மாதிரித்தான் எழுதியிருப்பார். முதலெழுத்தும் படை இலக்கமும் கைகொடுக்கும்.

உங்கட வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பதக்கம் இருந்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். குத்துவிளக்கு மினுக்கிற மாதிரிப் புளியும் சாம்பலும் போட்டு மினுக்கிவிடாதேயுங்கோ. அந்தக் கறைதான் அதன் வயசு. அதோடு விளிம்பு எழுத்தும் தேய்ந்துபோகும். முன், பின், விளிம்பு முழுக்கச் சுற்றிவரப் படம் எடுங்கள். நிறையையும் விட்டத்தையும் எழுதி வையுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால், யாருடையது, அவர் எங்கே வேலை செய்தார், எப்போது கிடைத்தது என்று கேட்டு, அவர்கள் சொன்ன மாதிரியே ஒலிப்பதிவு செய்யுங்கள். பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துப் போடுவதற்கு முன்னால் இவ்வளவையும் செய்யலாம். 1980 அளவில் வெள்ளி விலை உச்சத்துக்குப் போனபோது உலகம் முழுக்க ஏராளமான பிரித்தானிய யுத்தப் பதக்கங்கள் உருக்கப்பட்டன. உருகின ஒவ்வொன்றோடும் ஒரு பெயர் போனது.

விலைக்கு வாங்கிச் சேர்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விற்பவரின் கதை எவ்வளவு உருக்கமோ, பூதக்கண்ணாடியை அவ்வளவு கிட்டப் பிடியுங்கள். கையில் இருப்பது அசல் என்று தெரிந்து, விளிம்பில் இந்தப் பக்கத்துப் பெயர் ஒன்று இருந்தால், அந்தக் குடும்பம் எங்கே என்று விசாரியுங்கள். பதக்கம் உங்களிடமே இருக்கட்டும். ஆனால் அப்படி ஒருவர் இருந்தார், அவர் பெயர் இன்னும் அழியாமல் இருக்கிறது என்ற செய்தி அவர்களிடம் போய்ச் சேர வேண்டும்.